வென்றவர்கள் கட்டிய அபராதம்

*அடிமைகள் கிளர்ந்தெழுந்து தமக்கென ஒரு நாட்டை அமைத்துக்கொண்டது உலக வரலாற்றில் ஒரே ஒரு முறைதான். அந்த வெற்றிக்கு ஹைட்டி 122 ஆண்டுகள் தவணை கட்டியது.*

1825 ஜூலை 3. ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு ‘சிர்சே’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. அதில் வந்தவர் மக்கோ பிரபு. பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ் பிறப்பித்த ஆணை ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். மூன்றே மூன்று பிரிவுகள், ஒரு தாளில் அடங்கிவிடும் அளவு. ஹைட்டியின் துறைமுகங்களில் பிரெஞ்சுச் சரக்குக்குப் பாதிச் சுங்கம்தான் வாங்க வேண்டும். புரட்சியில் சொத்தை இழந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி ஃபிராங்கை ஐந்து தவணைகளில் கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதித்தால் தீவின் அந்தப் பகுதிக்கு மன்னர் சுதந்திரம் ‘அருள்வார்’.

ஆணையில் ஹைட்டி என்ற பெயரே இல்லை. 21 ஆண்டுகளாகத் தன் கொடி, தன் படை, தன் சட்டம் என்று நடந்துகொண்டிருந்த நாட்டை, ‘சான் டொமிங் தீவின் பிரெஞ்சுப் பகுதி’ என்று பழைய காலனிப் பெயராலேயே மன்னர் குறித்திருந்தார்.

அதிபர் ஜான் பியர் புவாயேயின் பிரதிநிதிகள் வாதாடிப் பார்த்தார்கள். ஆனால் மக்கோ பேரம் பேச அனுப்பப்பட்டவர் அல்ல. அவருக்குப் பின்னால் ஒரு கப்பற்படையே இருந்தது. எல்லாம் சேர்த்து 14 கப்பல்கள், ஏறத்தாழ 500 பீரங்கிகள். மறுத்தால் முற்றுகை. சில நாள்களில் புவாயே பணிந்தார். மிரட்ட வந்த கப்பல்கள் விருந்தாளிகளாகத் துறைமுகத்துக்குள் நுழைந்தன. பிரெஞ்சு மன்னரின் பெயரைச் சொல்லிக் கோப்பைகள் உயர்ந்தன.

போரில் தோற்றவன் கப்பம் கட்டுவான் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஹைட்டி போரில் ஜெயித்திருந்தது. நெப்போலியனின் படையை 1803லேயே கடலில் தள்ளியிருந்தது. கட்டியதும் அதுதான்.

அந்த ஆணை பிறப்பிக்கப்பட்டு 200 ஆண்டு நிறைந்த 2025 ஏப்ரல் 17 அன்று, இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாளர்கள் கொண்ட ஆணையம் அமைக்கப்படும் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஹைட்டி கால்பந்து அணி 52 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக்கோப்பைக்குள் நுழைந்தது. கும்பல் வன்முறை, அகதிகள், பசி என்றே செய்திகளில் அடிபட்டுவந்த ஒரு நாட்டின் பழைய கதையை உலகம் மறுபடி கிளறத் தொடங்கியிருக்கிறது.

சர்க்கரையும் சவக்குழியும்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகிலேயே அதிக லாபம் ஈட்டிய காலனி சான் டொமிங். நம் கேரளத்தைவிடச் சிறிய நிலப்பரப்பு. ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல், தின்ற சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து போனது. போர்தோ, நான்த் போன்ற பிரெஞ்சுத் துறைமுக நகரங்களின் மாளிகைகள் இந்தப் பணத்தில் எழுந்தவை.

கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். வேலையும் நோயும் அடியும் அவர்களைத் தின்றுகொண்டே இருந்தன. பிறப்பைவிட இறப்பு அதிகம் என்பதால் புது ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1780களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் இறக்குமதி. செத்தால் வேறொருவனை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் தோட்ட முதலாளிகளின் பொருளாதாரம். அதுவே அவர்களுக்கு எமனாகவும் ஆனது. 1791ல் அங்கிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் சுதந்திர மனிதர்களாகப் பிறந்தவர்கள், அந்த நாள்களை நினைவில் வைத்திருந்தவர்கள். ஆப்பிரிக்கப் போர்களில் துப்பாக்கி பிடித்தவர்களும் அவர்களில் உண்டு.

> பெட்டிச் செய்தி: 1789ல் சான் டொமிங்
>
> அடிமைகள்: ஏறத்தாழ 5 லட்சம்
> வெள்ளையர்: ஏறத்தாழ 30,000
> சுதந்திரம் பெற்ற கறுப்பர், கலப்பினத்தவர்: ஏறத்தாழ 28,000. இவர்களில் பலரும் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரர்கள்.
> சட்டம்: 1685ல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த ‘கறுப்பர் சட்டத் தொகுப்பு’. அடிமை ஓர் அசையும் சொத்து என்கிறது.

பன்னிரண்டு ஆண்டுப் போர்

1789ல் பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் வெளியானது. அதில் அடிமைகளைப் பற்றி யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கலப்பினத்தவரான வின்சென்ட் ஓஷே தன் மக்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுந்தபோது, 1791 பிப்ரவரியில் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள்.

அந்த ஆகஸ்டில் வடக்குச் சமவெளியை ஒட்டிய பூவா கைமான் காட்டில் அடிமைகள் இரவில் கூடினார்கள். பூக்மான் என்ற தலைவரும் செசீல் ஃபாத்திமான் என்ற பூசாரிப் பெண்ணும் நடத்திய வூடூ சடங்கில் சபதம் எடுத்தார்கள் என்பது ஹைட்டியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்த கதை. ஆகஸ்ட் 22 இரவு தோட்டங்கள் எரியத் தொடங்கின. சில வாரங்களில் வடக்குச் சமவெளி சாம்பல்.

அதன் பிறகு நடந்தது நேர்க்கோட்டில் செல்லும் கதை அல்ல. ஸ்பெயின் ஒரு பக்கம் உள்ளே வந்தது. பிரிட்டன் இன்னொரு பக்கம் படை இறக்கி, பல்லாயிரம் வீரர்களை மஞ்சள் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு 1798ல் திரும்பிப் போனது. நெருக்கடி முற்றியபோது, 1793ல் அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர் சொந்தோனா தானே அடிமை முறையை ஒழித்து அறிவித்தார். 1794 பிப்ரவரி 4ல் பாரிஸ் பேரவை அதை எல்லாக் காலனிகளுக்கும் சட்டமாக்கியது. பிரான்ஸின் கருணை என்று பாடப்புத்தகங்களில் வரும் இந்தச் சட்டத்தை, உண்மையில் எரிந்த தோட்டங்கள்தாம் எழுதின.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே வளர்ந்தவர் தூசான் லூவெர்த்யூர். அடிமையாகப் பிறந்து, வண்டியோட்டியாக இருந்து, நடுவயதில் தளபதியானவர். 1801ல் தீவு முழுவதும் அவர் கையில். தனி அரசியலமைப்பு எழுதி, தன்னை ஆயுட்கால ஆளுநர் என்று அறிவித்துக்கொண்டார். நெப்போலியன் பொறுக்கவில்லை. தங்கையின் கணவர் லெக்லேர்க்கை ஒரு பெரும்படையோடு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துத் தூசானைப் பிடித்தார்கள். ஜூரா மலையின் குளிரில், ஜூ கோட்டைச் சிறையில், 1803 ஏப்ரல் 7ல் அவர் இறந்தார்.

நெப்போலியன் அங்கேதான் தவறு செய்தார். 1802ல் மற்றக் காலனிகளில் அடிமை முறையை மறுபடி சட்டமாக்கினார். குவாதலூப்பில் மறுபடி விலங்கு மாட்டுகிறார்கள் என்ற செய்தி வந்ததும், பிரெஞ்சுப் படையில் சேர்ந்திருந்த கறுப்புத் தளபதிகளே திரும்பிவிட்டார்கள். ஜான் ஜாக் தெசலின் தலைமையில் மிச்சப் போர் நடந்தது. இரு பக்கமும் இரக்கமில்லாத போர். லெக்லேர்க் காய்ச்சலில் செத்தார். அவருக்குப் பின் வந்த ரொஷாம்போ, கியூபாவிலிருந்து மனிதரை வேட்டையாடும் நாய்களை வரவழைத்தார். 1803 நவம்பர் 18ல் வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படை கடைசியாகத் தோற்றது.

1804 ஜனவரி 1ல் கொனாயிவ் நகரில் விடுதலைப் பிரகடனம். தீவின் ஆதிகுடிகளான தாயினோ மக்கள் வைத்திருந்த ஹைட்டி என்ற பெயரே நாட்டுக்குச் சூட்டப்பட்டது. அடுத்த சில மாதங்களில், மிஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையரில் ஆயிரக்கணக்கானோரைத் தெசலினின் ஆணைப்படி கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. ஹைட்டியை நேசிப்பவர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளைப் புரட்டாமல் இதை மட்டும் வாசித்துக் காட்டியவர்கள் செய்ததும் சரியல்ல.

கொலையிலிருந்து விலக்குப் பெற்றவர்களில் போலந்துக்காரர்கள் உண்டு. நெப்போலியன் தங்கள் நாட்டை மீட்டுத் தருவார் என்று நம்பி அவர் படையில் சேர்ந்தவர்கள், இன்னொரு மக்களின் விடுதலையை நசுக்க அனுப்பப்பட்டார்கள். சிலர் மனம் மாறிக் கட்சி மாறினார்கள். 1805 அரசியலமைப்பு அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. கசால் என்ற மலைக் கிராமத்தில் அவர்கள் சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள்.

லாபம் யாருக்கு?

புரட்சியால் முதலில் கொழுத்தது அமெரிக்கா. சான் டொமிங்கின் சர்க்கரைத் தோட்டங்களுக்குச் சோறு போட வட அமெரிக்காவில் ஒரு பெரிய நிலம் என்பதுதான் நெப்போலியனின் திட்டம். சர்க்கரையே கைவிட்டுப் போன பிறகு அந்த நிலம் எதற்கு? 1803ல் லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டார். ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். அமெரிக்கா ஒரே கையெழுத்தில் இரட்டிப்பானது.

அந்த நன்றிக்கடனை அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் தீர்த்த விதம், 1806ல் ஹைட்டியோடு வணிகத்துக்குத் தடை. தென் மாநிலத் தோட்டக்காரர்களுக்கு ஹைட்டி என்ற சொல்லே கெட்ட கனவு. தங்கள் அடிமைகளின் காதில் அது விழக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள். ஹைட்டியை அமெரிக்கா அங்கீகரித்தது 1862ல். அதற்கு லிங்கன் வர வேண்டியிருந்தது, தென் மாநிலங்கள் பிரிந்து போக வேண்டியிருந்தது.

லத்தீன் அமெரிக்காவின் விடுதலை வீரர் சிமோன் பொலிவார், எல்லாம் தோற்று ஓடிவந்தபோது அடைக்கலம் கொடுத்தது ஹைட்டிதான். அதிபர் பெத்தியோன் துப்பாக்கியும் மருந்தும் ஆளும் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றே: நீ விடுவிக்கும் நாடுகளில் அடிமைகளையும் விடுவி. பொலிவார் ஜெயித்தார். 1826ல் பனாமாவில் புதிய அமெரிக்க நாடுகளின் மாநாடு கூடியது. ஹைட்டிக்கு அழைப்பில்லை.

கியூபாவுக்கு வேறு மாதிரி லாபம். தப்பியோடிய தோட்டக்காரர்கள் காபிச் செடியோடும் சர்க்கரைத் தொழில்நுட்பத்தோடும் அங்கே இறங்கினார்கள். ஹைட்டி விட்ட இடத்தைக் கியூபா பிடித்தது. அதற்காக 19ஆம் நூற்றாண்டில் மேலும் பல லட்சம் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒரு தீவில் அறுந்த விலங்கு அடுத்த தீவில் மாட்டப்பட்டது. புரட்சியின் பின்விளைவுகளில் மிகக் கசப்பானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடனுக்குக் கடன்

இனி 1825க்கு வருவோம். முதல் தவணை 3 கோடி ஃபிராங்க். அந்த ஆண்டு ஹைட்டி அரசின் மொத்த வருமானத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. கட்ட வழியே இல்லை என்பது பாரிஸுக்குத் தெரியும். எனவே பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. 3 கோடி கடனில் 60 லட்சத்தைக் கழிவாகப் பிடித்துக்கொண்டு 2.4 கோடியைத்தான் கொடுத்தார்கள். தண்டல்காரர் பத்தாயிரம் எழுதிக்கொண்டு கையில் எட்டாயிரம் கொடுப்பதை நம் ஊர்ச் சந்தைகளில் பார்த்தவர்களுக்கு இது புரியும். வட்டி என்னவோ முழுப் பத்தாயிரத்துக்கும்தான்.

தவணைக்குக் குறைந்த பணத்துக்கு ஹைட்டி கஜானாவைத் துடைத்து அனுப்பினார்கள். நஷ்ட ஈடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன். ஹைட்டி வரலாற்றாளர்கள் இதை ‘இரட்டைக் கடன்’ என்கிறார்கள்.

> பெட்டிச் செய்தி: 15 கோடி எப்படி வந்தது?
>
> 1823ல் ஹைட்டியின் ஏற்றுமதி 3 கோடி ஃபிராங்க் என்று பிரெஞ்சுக்காரர்கள் கணக்கெடுத்தார்கள். பாதியைச் செலவாகக் கழித்தால் லாபம் ஒன்றரைக் கோடி. அதைப் பத்து ஆண்டு வருமானமாகப் பெருக்கினால் 15 கோடி.
>
> ஒப்பிட: 1825 ஆணைக்கு 22 ஆண்டு முன்பு லூசியானா முழுவதையும் பிரான்ஸ் விற்ற விலை 8 கோடி ஃபிராங்க்.
>
> நஷ்ட ஈடு பெற்ற பழைய முதலாளிகளின் பெயர்களும் தோட்டங்களும் தொகைகளும் ஆறு தொகுதிகளாகப் பாரிஸில் அச்சாயின. தோட்டத்தின் மதிப்பில் அடிமைகளின் விலையும் அடக்கம். அதாவது, விடுதலையான மனிதர்கள் தங்கள் உடம்புக்கு விலை கட்டினார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? சர்க்கரை இல்லை. விடுதலை பெற்ற மக்கள் கரும்புத் தோட்டம் இருந்த திசையிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை. மலைச்சரிவுகளில் துண்டு நிலம் பிடித்து, மரவள்ளியும் வாழையும் சோளமும் போட்டு, கொஞ்சம் காபியும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கொஞ்சக் காபிதான் அகப்பட்டது. அரசு அதன் மேல் வரி போட்டது. 1826ல் புவாயே கொண்டுவந்த கிராமச் சட்டம் விவசாயியை நிலத்தோடு கட்டிப்போட்டது, அனுமதியில்லாமல் ஊரைவிட்டு நகர முடியாதபடி. மக்கள் மலைமேல் ஏறிக்கொண்டார்கள். பெரும்பாலான இடங்களில் சட்டம் காகிதத்தோடு நின்றது. ஆனால் நகரத்தில் ஆள்பவனும் மலையில் உழுபவனும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் போல ஆனது அப்போதுதான்.

1838ல் பிரான்ஸ் மீதித் தொகையை 6 கோடியாகக் குறைத்து, 30 ஆண்டு தவணை கொடுத்தது. தாராளம் என்று அதைச் சொன்னார்கள். கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனை அடைக்க மறு கடன் என்று அது தொடர்ந்தது. 1875ல் பாரிஸின் ஒரு வங்கி கொடுத்த கடனில் கழிவும் கட்டணமும் மட்டும் 40 சதவீதம். கிரெடி அன்துஸ்த்ரியேல் என்ற அந்த வங்கிதான் 1880ல் ஹைட்டியின் தேசிய வங்கியையே நிறுவியது. பெயர்தான் ஹைட்டியின் தேசிய வங்கி. நிர்வாகம் பாரிஸில். ஹைட்டி அரசு பணம் போட்டாலும் கழிவு, எடுத்தாலும் கழிவு. ஈஃபில் கோபுரம் கட்ட நிதி திரட்டிய வங்கிகளில் கிரெடி அன்துஸ்த்ரியேலும் ஒன்று.

1911ல் காபி வரியாக வசூலான ஒவ்வொரு 3 டாலரிலும் 2.53 டாலர் பிரெஞ்சுக் கடன்காரர்களுக்குப் போனது. மிச்ச 47 சென்ட்டில்தான் பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம்.

தங்கப் பெட்டிகள்

பிரான்ஸ் தளர்ந்தபோது அமெரிக்கா வந்தது. 1914 டிசம்பர் 17ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்கி, தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை மரப்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு மாதம் கழித்து, ஹைட்டி அதிபர் ஒருவர் கலவரத்தில் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி நாட்டையே பிடித்தார்கள். 1915 முதல் 1934 வரை, 19 ஆண்டுகள்.

சாலை போட மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். கயிற்றில் கட்டி இழுத்துப் போனதைப் பார்த்த மக்களுக்குப் பழைய நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. வெளிநாட்டார் நிலம் வாங்கக்கூடாது என்று தெசலின் காலத்திலிருந்து இருந்த தடையை 1918ன் புதிய அரசியலமைப்பு நீக்கியது. அந்த அரசியலமைப்பைத் தானே எழுதியதாகப் பின்னாளில் மேடையில் பெருமையடித்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எதிர்த்துக் கிளர்ந்த விவசாயப் படையின் தலைவர் ஷார்ல்மான் பெரால்த்தை 1919ல் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படம் எடுத்து, பார்த்துப் பயப்படட்டும் என்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். கை விரித்து, தலை சாய்ந்து, பின்னால் கொடி. அந்தப் படம் சிலுவையில் அறைந்த ஏசுவைப் போல் இருந்தது. மக்கள் அதை வணங்க ஆரம்பித்தார்கள்.

1922ல் அமெரிக்க வங்கியிடம் வாங்கிய புதுக் கடனில் பழைய பிரெஞ்சுக் கடன் கரைக்கப்பட்டது. அந்தக் கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது 1947ல். பத்தாம் சார்லஸின் ஆணை வந்து 122 ஆண்டு.

மொத்தத்தில் எவ்வளவு போனது? 2022ல் நியூயார்க் டைம்ஸ் ஆவணங்களைத் தோண்டிக் கணக்கிட்டதில், நஷ்ட ஈடும் அதற்கான முதல் கடனும் சேர்ந்து 11.2 கோடி ஃபிராங்க். இன்றைய மதிப்பில் சுமார் 56 கோடி டாலர். அந்தப் பணம் நாட்டிலேயே புழங்கியிருந்தால் காலப்போக்கில் 2,100 கோடியிலிருந்து 11,500 கோடி டாலர் வரை பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பின்னதற்கும் முன்னதற்கும் இடையில் இவ்வளவு இடைவெளி ஏன் என்று பொருளியல்காரர்கள் சண்டை போடட்டும். கட்டிய தொகையில் தகராறு இல்லை.

கணக்கில் வராதவை

ஜனவரி 1 அன்று ஹைட்டி வீடுகளில் பூசணிக்காய் சூப் கொதிக்கும். ‘சூப் ஜுமு’ என்பார்கள். தோட்ட முதலாளிகளின் மேசைக்கு அடிமைகள் சமைத்துக்கொடுத்த, தாங்கள் தொட்டுப் பார்க்கவும் அனுமதியில்லாத சூப் அது. விடுதலை நாளில் எல்லோரும் குடித்தார்கள், இன்றும் குடிக்கிறார்கள். 2021ல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மலைமேல் ஏறிய மக்கள் அங்கே வேறொரு சமூகத்தைக் கட்டினார்கள். பொது முற்றம் ஒன்று, அதைச் சுற்றி உறவினர் வீடுகள், குலதெய்வத்துக்கு ஒரு மூலை, முன்னோர் சமாதி. இதற்கு ‘லக்கூ’ என்று பெயர். நிலத்தை விற்பதில்லை, ஒருவன் ஒருவனுக்குக் கூலியாகப் போவதில்லை, அறுவடைக்கு எல்லோரும் கூடி உழைப்பது. தோட்டம் என்ற அமைப்பே மறுபடி முளைக்காதபடி மண்ணைப் பிரித்து வைத்தது இந்த ஏற்பாடு. துண்டு துண்டாகப் போன நிலம் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கியது, மரங்கள் போயின, மண் அரித்தது. இதுவும் அதே ஏற்பாட்டின் விளைவுதான்.

மொழியும் சமயமும் நெடுங்காலம் கொல்லைப்புறத்திலேயே இருந்தன. எல்லோரும் பேசியது க்ரெயோல், எழுதியதும் ஆண்டதும் பிரெஞ்சு. புரட்சியைத் தொடங்கிவைத்த வூடூவைச் சுதந்திர ஹைட்டியின் சட்டமே 1835ல் குற்றமாக்கியது. ‘நாகரிக’ நாடுகளின் அங்கீகாரத்துக்காக ஆளும் வர்க்கம் கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று. அமெரிக்க ஆக்கிரமிப்பின் அவமானம்தான் இதைத் திருப்பிப் போட்டது. 1928ல் ஜான் பிரீஸ்-மார்ஸ் எழுதிய நூல், பிரெஞ்சுக்காரர் வேஷம் போடுவதை விட்டுவிட்டு நாட்டார் கதையையும் வூடூவையும் க்ரெயோலையும் பாருங்கள் என்று படித்தவர்களைப் பிடித்து உலுக்கியது. 1987 அரசியலமைப்பு க்ரெயோலை ஆட்சி மொழியாக்கியது. 2003ல் வூடூ அங்கீகரிக்கப்பட்ட சமயமானது.

வெளியுலகம் என்ன செய்தது? மறந்தது. ஹைட்டியில் பிறந்த மானுடவியலாளர் மிஷெல்-ரோல்ஃப் த்ரூயோ 1995ல் எழுதிய நூலில் இதை அலசுகிறார். கறுப்பு அடிமைகள் திட்டமிட்டுப் புரட்சி செய்து நாடமைப்பார்கள் என்பது அன்றைய ஐரோப்பிய மனத்தால் கற்பனை செய்யவே முடியாத விஷயம். எனவே நடந்துகொண்டிருந்தபோதும் நம்பவில்லை, நடந்த பிறகும் எழுதவில்லை என்பது அவர் வாதம். டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938ல் எழுதிய ‘கறுப்பு ஜாக்கோபியர்கள்’ வரும்வரை ஆங்கில வாசகர்களுக்கு இந்தக் கதை முழுசாகக் கிடைக்கவில்லை. நம் பள்ளிப் புத்தகங்களில் பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு பாடமே உண்டு. ஹைட்டிக்கு ஒரு பத்தி இருந்தால் அதிகம்.

> பெட்டிச் செய்தி: காரைக்காலிலிருந்து கரும்புக்காட்டுக்கு
>
> இந்தக் கதையில் தமிழருக்கும் ஓரமாக ஓர் இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பண்டமாற்றுக்குப் போன துணிகளில் புதுச்சேரிப் பகுதியின் நீலத் துணியும் ஒன்று. மனிதர்களை வாங்கவும் அது பயன்பட்டது.
>
> பிரான்ஸ் இரண்டாம் முறையாக அடிமை முறையை ஒழித்தது 1848ல். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000க்கும் மேல். பெரும்பகுதி தமிழர். மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது.
>
> ஹைட்டிக்கு அப்படி ஒரு கப்பலும் போகவில்லை. ஆள் கேட்கும் தோட்டங்கள் அங்கே மிச்சமில்லை.

எல்லாப் பழியும் கடனுக்கா?

இன்றைய ஹைட்டியின் துயரம் முழுவதையும் 1825ன் தலையில் கட்டிவிடுவது சுலபம். அது பாதி உண்மை. காபி வரியை உறிஞ்சியதில் ஹைட்டியின் ஜெனரல்களுக்கும் வணிகக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. 1957 முதல் 1986 வரை ஆண்ட துவாலியே அப்பனும் மகனும் கஜானாவைக் குடும்பச் சொத்தாக நடத்தினார்கள், எதிர்த்தவர்களை அவர்களுடைய ரகசியப் படை காணாமல் போகச் செய்தது. அந்த ஆட்சியைக் கம்யூனிசத்துக்கு எதிரான அரணாக வாஷிங்டன் சகித்துக்கொண்டது வேறு கதை.

அரிசியின் கதையும் அருகிலேயே இருக்கிறது. 1980களில் ஹைட்டி தன் சோற்றைப் பெரும்பாலும் தானே விளைவித்தது. அர்த்திபோனித் பள்ளத்தாக்கு அதன் நெற்களஞ்சியம். 1995ல், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி, அரிசி இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 ஆக இறங்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. ‘மயாமி அரிசி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். விலை குறைவு, உள்ளூர் விவசாயி காலி. தன் அர்கன்சாஸ் மாநில விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்குச் செய்தது தவறு என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் 2010ல் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார். வயலை விட்டவர்கள் அதற்குள் தலைநகரின் சரிவுகளில் குடிசை போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 12ல் பூகம்பம் வந்தபோது லட்சக்கணக்கில் செத்தவர்களில் அவர்களும் உண்டு. உதவ வந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாமிலிருந்து காலரா பரவி மேலும் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றது.

48 சென்ட்

2003 ஏப்ரல் 7, தூசானின் 200ஆவது நினைவு நாள். அதிபர் அரிஸ்டீட் பிரான்ஸிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார். தொகையும் சொன்னார்: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். சென்ட் வரை கணக்குப் போட்டதைப் பாரிஸில் பலர் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 29ல், உள்நாட்டுக் கலகத்தின் உச்சத்தில், அமெரிக்க விமானம் ஒன்று அரிஸ்டீடை நாட்டைவிட்டு ஏற்றிச் சென்றது. பின்னால் வந்த இடைக்கால அரசு கோரிக்கையைக் கைவிட்டது. அரிஸ்டீடின் ஆட்சியில் ஊழலும் அடாவடியும் இருந்தன. அவர் கேட்ட கேள்வி அதனால் செல்லாமல் போகுமா என்ன?

2015ல் பிரெஞ்சு அதிபர் ஒலாந்த் கடனைத் தீர்ப்பதாகப் பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள், அவர் சொன்னது தார்மீகக் கடன் மட்டுமே என்று அவர் அலுவலகம் விளக்கம் கொடுத்துவிட்டது. 2025ல் மக்ரோன் ஒருபடி மேலே போனார். சுதந்திரத்துக்கு விலை வைத்தது அநீதி என்பதை ஏற்றார், ஆணையத்தை அறிவித்தார். பணம் என்ற பேச்சை எடுக்கவில்லை. பிரான்ஸ் தயங்குவதற்குக் காரணம் ஹைட்டி மட்டுமல்ல. ஹைட்டிக்குக் கதவு திறந்தால் மார்த்தினிக் வரும், அல்ஜீரியா வரும். பிரிட்டன் 1833ன் சட்டப்படி அடிமை முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாகக் கொடுத்த 2 கோடி பவுண்டுக்கு வாங்கிய கடனை, பிரிட்டிஷ் வரி செலுத்துவோர் 2015 வரை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவும் பக்கத்தில்தான்.

இப்போதைக்குக் கொடுத்தாலும் வாங்க நிலையான அரசு இல்லை. 2021 ஜூலையில் அதிபர் மொய்ஸ் படுக்கையறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அதிபர் தேர்தலே நடக்கவில்லை. தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

சொந்த மண்ணில் ஆட முடியாத கால்பந்து அணி, தன் ‘உள்ளூர்’ ஆட்டங்களைக் குராசோ தீவில் ஆடித்தான் உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. நிகராகுவாவை 2-0 என்று வென்ற நாள் 2025 நவம்பர் 18, வெர்த்தியேர் போரின் ஆண்டு நிறைவு நாள். உலகக்கோப்பை நடக்கும் மூன்று நாடுகளில் முக்கியமானது அமெரிக்கா. ஹைட்டியர் உள்ளே நுழைய அந்நாடு 2025 ஜூனில் விதித்த தடையில் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு, ஆட்டம் பார்க்க விரும்பும் ரசிகர்களுக்கு அந்த விலக்கு இல்லை.